ரயிலுக்கு முன்னால் போய் நிற்கும் கலை

ரயிலைத் துரத்திப் படமெடுப்பவர்கள் உண்மையில் ரயிலுக்குப் பின்னால் ஓடுவதில்லை. அது எங்கே வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கணித்து, அதற்கு முன்னதாக அங்கே போய் நிற்பதுதான் அவர்களுடைய வேலை. பறவையைப் படமெடுக்கப் போகிறவருக்கு அது எந்தப் பக்கத்திலிருந்து பறந்து வரும் என்றுகூடத் தெரியாது. ரயில் விஷயத்திலோ பாதை அங்குல சுத்தமாகத் தெரியும். தெரியாதவை மூன்றுதான்: சரியான நேரம், அந்த நேரத்தின் வெளிச்சம், இழுத்து வரப்போகும் என்ஜின். தெரிந்ததை ஒன்றுவிடாமல் பயன்படுத்திக்கொண்டு, தெரியாதவற்றுக்கு இடம்விட்டு வைப்பதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் சுவை இருக்கிறது. நல்ல ரயில் படம் என்பது பெரும்பாலும் ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது என்பது என் எண்ணம். அதனால் இந்த வழிகாட்டி கேமராவை விட்டுவிட்டு வரைபடத்தில் தொடங்குகிறது.

இடமும் சூரியனும்

முதலில் தேட வேண்டியது வளைவு. நேரான பாதையில் வரும் ரயில், எதிரே இருந்து பார்க்கும்போது என்ஜினின் முகமாக மட்டுமே தெரியும். பெட்டிகள் எல்லாம் அதன் பின்னே மறைந்துவிடும். வளைவில் வரும்போதுதான் முகமும் உடலும் வாலும் ஒரே சட்டகத்தில் அமைகின்றன. சுவிட்சர்லாந்தின் லாண்ட்வாசர் பாலம் உலகில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் ரயில் பாலங்களில் ஒன்றாக இருப்பதற்கு அதன் 65 மீட்டர் உயரம் மட்டும் காரணமல்ல. 1902-இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த 136 மீட்டர் நீளப் பாலம் 100 மீட்டர் ஆரத்தில் வளைந்து சென்று, செங்குத்தான பாறைச் சுவரில் உள்ள சுரங்கப்பாதைக்குள் நேராக நுழைகிறது. அந்த வளைவுதான் முழு ரயிலையும் நமக்குத் திருப்பிக் காட்டுகிறது. கலிஃபோர்னியாவில் 1876 முதல் இயங்கிவரும் டெஹாச்சபி சுற்றுப்பாதையில், போதிய நீளமுள்ள சரக்கு ரயிலின் முன்பகுதி அதன் பின்பகுதிக்கு மேலாகவே கடந்து செல்லும். ஆனால் அங்கே குட்டையான ரயில் ஒன்று வந்தால் சாதாரணப் படம்தான் கிடைக்கும். ஆக, இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே அந்த இடத்துக்குப் பொருந்தும் ரயில் எது என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

வளைவுகள், பாலங்கள், மண்வெட்டுகள் (பாதைக்காக மேட்டை வெட்டிய பள்ளங்கள்), ஏற்றங்கள், நிலையங்களுக்கு இடையிலான தூரங்கள் ஆகியவற்றைச் செயற்கைக்கோள் படங்களிலும், இருப்புப்பாதைகளை மட்டும் தனியாகக் காட்டும் ஓப்பன்ரயில்வேமேப் போன்ற திறந்த வரைபடங்களிலும் வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம். பாதையைக் கடக்கும் சாலை மேம்பாலங்களைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சட்டச் சிக்கலும் ஆபத்தும் குறைவாக, உயரத்திலிருந்து பார்வை கிடைக்கும் இடங்கள் பெரும்பாலும் அவைதான். வரைபடத்தில் அற்புதமாகத் தெரிந்த இடத்தை நேரில் பார்த்தால் ஆளுயரப் புதர் மறைத்துக்கொண்டிருக்கும், அல்லது புதிதாக இரைச்சல் தடுப்புச் சுவர் எழுந்திருக்கும். ஆகவே முக்கியமான ரயில் வரும் நாளுக்கு முன்பே ஒருமுறை போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது சூரியன். வெளிச்சம் என்ஜினின் முகத்திலும் பக்கவாட்டிலும் ஒருசேர விழ வேண்டுமென்றால் சூரியன் நமக்குப் பின்னால், தோளுக்குச் சற்றுப் பக்கத்தில் இருக்க வேண்டும். வடக்குத் தெற்காக ஓடும் பாதையில் காலையில் கிழக்குப் பக்கமும், மாலையில் மேற்குப் பக்கமும் நிற்க வேண்டும் என்பது எளிதில் புரியும். கிழக்கு மேற்காக ஓடும் பாதைதான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். அங்கே காலையில் கிழக்கு நோக்கி வரும் ரயிலுக்கும், மாலையில் மேற்கு நோக்கி வரும் ரயிலுக்கும் மட்டுமே முகத்தில் வெயில் விழும். எதிர்த்திசையில் வருபவற்றின் முகம் இருட்டாகவே இருக்கும். வட அரைக்கோளத்தின் மிதவெப்ப நாடுகளில் தெற்குப் பக்கம் நின்றால் ஆண்டு முழுவதும் வெளிச்சம் கிடைக்கும். வெப்பமண்டலத்தில் சில மாதங்களில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே போய்விடுவதால் அந்த விதி அப்போது தலைகீழாகிவிடும். தேதியையும் இடத்தையும் கொடுத்தால் சூரியன் நிற்கும் திசையைக் காட்டும் செயலிகள் பல இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் கிளம்பவே கூடாது.

நண்பகல் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. சூரியன் உச்சியில் இருக்கும்போது கூரை பளபளக்கும், சக்கரங்களும் அடிப்பகுதியும் கருநிழலில் மூழ்கிவிடும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் அடுத்த இடத்தைத் தேடுவதற்கும் ஒதுக்குவது புத்திசாலித்தனம். மேகமூட்டமான நாளைக் குறை சொல்பவர்கள் அதிகம், ஆனால் காட்டுக்குள்ளும் ஆழமான மண்வெட்டுகளிலும் படமெடுக்க அதைவிடச் சிறந்த நாள் இல்லை.

கால அட்டவணையும் துரத்தலின் கணக்கும்

பயணிகள் ரயிலின் நேரம் அட்டவணையில் இருக்கிறது. இரண்டு நிலையங்களுக்கு இடையே நாம் நிற்கும் இடத்தில் அது எப்போது கடக்கும் என்பதைத் தூரத்தை வைத்து ஓரளவு கணித்துவிடலாம். நிலையத்தை விட்டுக் கிளம்பும்போதும் நிலையத்தை நெருங்கும்போதும் வேகம் குறையும் என்பதை மட்டும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சரக்கு ரயில்களுக்கு இப்படி வெளிப்படையான அட்டவணை பல நாடுகளில் கிடைப்பதில்லை. அவற்றுக்கு நம்முடைய கண்ணும் காதும்தான் துணை: சிக்னலின் நிறம் மாறுவது, லெவல் கிராசிங் கேட் மூடுவது, வளைவுக்கு அப்பால் ஒலிக்கும் ஹாரன். ஒற்றைத் தடப் பாதையில் எதிரெதிர் ரயில்கள் ஒன்றையொன்று கடக்க வேண்டுமென்றால் ஏதாவது ஒரு நிலையத்தில் ஒன்று லூப் லைன் எனும் பக்கத் தடத்தில் ஒதுங்கித்தான் ஆக வேண்டும். எந்த நிலையத்தில் அது நடக்கும் என்று அட்டவணையை வைத்துக் கணித்து, அங்கே நின்று அது அப்படியே நடப்பதைப் பார்ப்பதில் கிடைக்கும் மகிழ்ச்சியை இந்தப் பொழுதுபோக்கு அறியாதவருக்குப் புரியவைப்பது கடினம்.

ஓடும் ரயிலின் வேகத்தை அறிய ஒரு பழைய முறை உண்டு. ஒரு கிலோமீட்டரைக் கடக்க எத்தனை நொடிகள் ஆகின்றன என்று பார்த்து, 3600-ஐ அந்த எண்ணால் வகுத்தால் போதும். 36 நொடிகள் என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர். 60 நொடிகள் என்றால் மணிக்கு 60 கிலோமீட்டர்.

இப்போது துரத்தல். ஒரே ரயிலை ஒரு நாளில் பல இடங்களில் எடுக்க வேண்டும் என்ற ஆசையில் பலரும் ஐந்தாறு இடங்களைக் குறித்துக்கொண்டு கிளம்புகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நடக்காது என்று உடனே தெரிந்துவிடும். ரயில் சராசரியாக மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, நம்முடைய வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது, சாலை இருப்புப்பாதையை ஒட்டியே செல்கிறது என்று வைத்துக்கொள்வோம். படமெடுத்து முடித்து வண்டிக்குத் திரும்பி ஏற 3 நிமிடங்கள். அடுத்த இடத்தில் இறங்கி நடந்து, நின்று, சட்டகம் பார்க்க 5 நிமிடங்கள். இந்த 8 நிமிடங்களை ஈடுகட்ட வேண்டுமென்றால் அடுத்த இடம் குறைந்தது 32 கிலோமீட்டர் தொலைவில் இருக்க வேண்டும். அந்த 32 கிலோமீட்டரை ரயில் 32 நிமிடங்களில் கடக்கும். நாம் 24 நிமிடங்களில் கடப்போம். மிச்சமாகும் 8 நிமிடங்கள்தான் நமக்குச் சொந்தம். இடையில் ஒரு சந்தைக் கூட்டமோ மூடிய கேட்டோ குறுக்கிட்டால் அதுவும் போய்விடும். ரயில் நின்று போகும் நிலையங்கள் நடுவே இருந்தால் கணக்கு நமக்குச் சாதகமாக மாறும். ஆகவே அந்த நிலையத்துக்கு முன்னால் ஓர் இடம், அதைத் தாண்டி ஓர் இடம் என்று அமைத்துக்கொள்வதே நல்ல உத்தி. இரண்டு இடம், மிஞ்சினால் மூன்று. இந்த எண்ணிக்கைக்குள் அடங்கும் துரத்தல்தான் இன்பமாக இருக்கிறது; மற்றவை வெறும் சாலைப் பயணமாகிவிடுகின்றன.

வண்டியை ஓட்டுபவர் ரயிலைப் பார்க்கக் கூடாது. பார்ப்பதற்கும் வழி சொல்வதற்கும் இன்னொருவர் உடன் இருக்க வேண்டும். தனியாகப் போகிறவர் துரத்தலை விட்டுவிட்டு ஒரே இடத்தில் நிற்பது உத்தமம். பழைய நீராவி என்ஜின்கள் சிறப்பு ஓட்டம் வரும்போது இந்த எச்சரிக்கை இன்னும் முக்கியம். 1940-களில் கட்டப்பட்ட 'பிக் பாய்' வகையைச் சேர்ந்த 4014 எண் என்ஜின் 2019-இல் சீரமைக்கப்பட்டு மீண்டும் அமெரிக்கப் பாதைகளில் ஓடத் தொடங்கியபோது, அதைப் பார்க்கப் பெருங்கூட்டம் திரண்டது. அத்தகைய நாட்களில் எல்லோரும் ஒரே சாலையில்தான் ஓடுவார்கள். காலையிலேயே ஓர் இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிடுபவர் கையில்தான் படம் இருக்கும்.

பாதுகாப்பு

கேமராவைக் கண்ணில் வைத்திருப்பவருக்குத் தூரம் தெரியாது. டெலிஃபோட்டோ லென்ஸ் வழியாகப் பார்க்கும்போது ரயில் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பது போலவே தோன்றி, பிறகு திடீரென்று சட்டகம் முழுவதையும் நிரப்பிவிடும். நின்றிருக்கும் இடம் முதலிலேயே பாதுகாப்பாக இருந்தால் மட்டுமே இந்த மயக்கம் தீங்கு செய்யாது. ரயில் பெட்டி தண்டவாளத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1,435 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் ஏறத்தாழ 3 மீட்டர் அகலப் பெட்டி ஓடும்போது, இருபுறமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாகப் போகும் ரயிலை உடனே நிறுத்தவும் முடியாது. பாரமேற்றிய சரக்கு ரயில் அவசர பிரேக் போட்ட பிறகும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஓடி நிற்கக்கூடும்.

காதை நம்பாதீர்கள். இணைப்பின்றிப் பற்றவைத்த தண்டவாளத்தில் வரும் மின்சார ரயில், காற்று எதிர்த்திசையில் அடித்தால் மிக அருகில் வரும்வரை கேட்பதே இல்லை. இரட்டைத் தடத்தில் ஆபத்து இன்னும் அதிகம்: ஒரு ரயில் இரைச்சலோடு கடந்துகொண்டிருக்கும்போது, அதன் மறைவில் எதிர்த்திசையில் இன்னொன்று வரும். மேல்நிலை மின்கம்பியில் பல நாடுகளில் 25,000 வோல்ட் ஓடுகிறது. தொட வேண்டிய அவசியமே இல்லை, போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் பாயக்கூடும். மேம்பாலத்திலோ நடைமேம்பாலத்திலோ நிற்கும்போது முக்காலி, குடை, செல்ஃபி குச்சி போன்ற எதையும் கம்பியை நோக்கி நீட்டக் கூடாது. சில ஊர்களின் நகர ரயில்களில் தடத்தின் ஓரமாகவே மின்சாரம் பாயும் மூன்றாவது தண்டவாளம் ஒன்று இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓட்டுநரின் கண்ணில் ஃபிளாஷ் அடிக்கக் கூடாது. அவர் சிக்னலைப் பார்க்க வேண்டிய நொடியில் அது அவரைக் குருடாக்கிவிடும். தடத்தின் அருகே பளிச்சென்ற சிவப்பு ஆடையும் வேண்டாம், கையை ஆட்டி உற்சாகப்படுத்துவதும் வேண்டாம். இரண்டையும் அபாய அறிவிப்பாக அவர் எடுத்துக்கொள்ளக்கூடும். நடைமேடையில் மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். ரயில்வே இடங்களில் படமெடுப்பதற்கான விதிகள் நாட்டுக்கு நாடு மாறுகின்றன: சில இடங்களில் அனுமதியே தேவையில்லை, சில இடங்களில் எழுத்துமூல அனுமதி வேண்டும், டிரோன் பறக்கவிடுவது பல இடங்களில் முற்றிலும் தடை. போவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர் ஒருவர் வந்து போகச் சொன்னால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள். அடுத்த முறை வருகிறவருக்கு அதுவே உதவி.

2016 பிப்ரவரி 25 அன்று, நெடுங்காலச் சீரமைப்புக்குப் பிறகு 'ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன்' நீராவி என்ஜின் லண்டனிலிருந்து யார்க் நகரத்துக்குப் புறப்பட்டது. அதைப் படமெடுக்கத் தண்டவாளப் பகுதிக்குள்ளேயே மக்கள் நுழைந்துவிட்டதால் வழியில் ரயிலை நிறுத்த வேண்டியதாயிற்று. ரயிலை நேசிப்பதாகச் சொல்பவர்களாலேயே ரயில் நின்று போனது என்பதைவிட இந்தப் பொழுதுபோக்குக்குப் பெரிய அவமானம் வேறில்லை.

கேமரா

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் நகர்கிறது. ஷட்டர் வேகம், அதாவது கேமராவுக்குள் வெளிச்சம் விழும் நேரம், 1/500 நொடி என்றால் அந்த நேரத்தில் அது ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 1/1000 நொடியில் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரயில் நம்மை நோக்கி வரும்போது இந்த நகர்வு படத்தில் அதிகம் தெரியாது, பக்கவாட்டில் கடக்கும்போது முழுமையாகத் தெரியும். ஆகவே முன்பக்கச் சாய்கோணத்தில் எடுக்க 1/800 அல்லது 1/1000 போதும். அருகிலிருந்து பக்கவாட்டில் எடுப்பதற்கு 1/2000 வரை போக வேண்டும். லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை வைத்துக்கொண்டு, மீதியை ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

வெளிச்ச அளவை ரயில் வருவதற்கு முன்பே கைமுறையாக நிலைநிறுத்திவிடுவது அவசியம். தானியங்கி முறையில் விட்டால், என்ஜினின் முகப்பு விளக்கைப் பார்த்தவுடன் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடும். குவியத்தையும் அப்படியே, ரயிலின் முகம் எந்த இடத்துக்கு வரும்போது பொத்தானை அழுத்தப் போகிறோமோ அந்த இடத்தில் தண்டவாளத்தின் கீழுள்ள கட்டையின் மீது முன்கூட்டியே குவித்துப் பூட்டிவிடலாம். தொடர்ச்சியாக எடுக்கும் வசதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. நொடிக்கு 10 படங்கள் எடுக்கும் கேமராவில், 100 கிலோமீட்டர் வேக ரயில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் கிட்டத்தட்ட 3 மீட்டர் நகர்ந்துவிடும். அதற்குள் மின்கம்பம் ஒன்று என்ஜினின் முகத்தை வெட்டிவிடலாம். சரியான நொடிக்காகக் காத்திருந்து ஒருமுறை அழுத்தும் விரல்தான் இன்றைக்கும் நம்பகமானது.

சத்தமில்லாத மின்னணு ஷட்டரைத் தவிர்த்துவிடுங்கள். பெரும்பாலான கேமராக்களில் அது சட்டகத்தை வரிவரியாகப் படிப்பதால், வேகமாகக் கடக்கும் ரயில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்பது போலப் பதிவாகும். கைபேசிகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. அவற்றில் எடுப்பவர்கள் பக்கவாட்டில் எடுப்பதை விட்டு, சற்றுத் தள்ளி நின்று முன்பக்கச் சாய்கோணத்தில் எடுத்தால் சாய்வு தெரியாது. என்ஜினின் நெற்றியில் இருக்கும் எல்இடி பெயர்ப் பலகை வேகமான ஷட்டரில் பாதி எழுத்துகளோடு மட்டும் விழுவதற்குக் காரணம், அந்த விளக்குகள் நம் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிவதுதான். ஊர்ப் பெயர் முழுமையாக வேண்டும் என்றால், ரயில் மெதுவாக வரும் நிலையத்தில் 1/125 போன்ற குறைந்த வேகத்தில் எடுக்க வேண்டும்.

50 முதல் 85 மில்லிமீட்டர் வரையிலான லென்ஸில் ரயில் இயல்பான அளவிலும் வடிவத்திலும் தெரியும். 200 மில்லிமீட்டருக்கு மேல் போனால் மேடுபள்ளங்களும் வளைவுகளும் நெருங்கி, நேர்ப் பாதையில்கூட நெளிவு தெரியும். ஆனால் வெயில் ஏறிய பிறகு ஜல்லியிலிருந்து எழும் வெப்ப அலைகள் தொலைதூரப் படத்தைக் கலங்கடித்துவிடும். அதை எந்தக் கேமராவாலும் சரிசெய்ய முடியாது. சூரியன் ஏறுவதற்கு முன் எடுப்பதுதான் ஒரே வழி.

என்ஜின் முகத்தையே எடுத்துக்கொண்டிருப்பது சீக்கிரத்தில் சலித்துப்போகும். ரயில் சிறியதாகவும் மலை பெரியதாகவும் இருக்கும் படம், கடைசிப் பெட்டி விலகிச் செல்லும் படம், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பயணிகளின் வரிசை, சூரியன் அடிவானத்தில் இருக்கும்போது பெட்டிகளின் பக்கவாட்டில் தகதகவென்று ஓடும் ஒளிக்கோடு ஆகியவற்றை எடுக்கத் தொடங்கியவர் பழைய முறைக்குத் திரும்புவது அபூர்வம். கம்பத்தின் நிழல் என்ஜினின் நெற்றியில் குறுக்கே விழுகிறதா என்பதை மட்டும் எப்போதும் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் திருத்தவே முடியாத குறை அது.

ஓட்டத்தின் வேகத்தைக் காட்ட வேண்டுமென்றால் ரயிலோடு சேர்ந்து கேமராவையும் திருப்பும் பேனிங் முறை இருக்கிறது. படமெடுக்கப்போகும் திசையை நோக்கிப் பாதங்களை ஊன்றி நின்று, ரயில் வரும் பக்கமாக இடுப்பைத் திருப்பி, என்ஜினின் எண்ணையோ ஒரு ஜன்னலையோ குறியாக வைத்துச் சீராகத் தொடர வேண்டும். பொத்தானை அழுத்திய பிறகும் அசைவை நிறுத்தக் கூடாது. 1/60 நொடியில் தொடங்கி, கை பழகியதும் 1/30 வரை இறங்கலாம். கொஞ்சம் தூரத்தில் நின்று நீளமான லென்ஸில் எடுத்தால் முழு ரயிலும் கூர்மையாக வரும். அருகில் நின்று அகன்ற லென்ஸில் எடுத்தால் குறிவைத்த பகுதி மட்டுமே கூர்மையாக இருக்கும். பெரும்பாலான முயற்சிகள் வீணாகத்தான் போகும்.

நீராவியும் இரவும்

நீராவி என்ஜினைக் குளிர்காலத்தில், ஏற்றத்தில் எடுங்கள். குளிர்ந்த காற்றில்தான் வெளிவரும் நீராவி உடனே குளிர்ந்து அடர்ந்த வெண்மேகமாகிறது. கோடை வெயிலில் அதே என்ஜின் அதே உழைப்பில் கிட்டத்தட்ட எதையும் காட்டாமல் போய்விடும். இறக்கத்தில் என்ஜின் வேலையே செய்வதில்லை என்பதால் அங்கே நின்று பயனில்லை. ஜெர்மனியின் ஹார்ஸ் மலையில், 1,141 மீட்டர் உயரமுள்ள பிராக்கன் சிகரத்தை நோக்கி ஏறும் மீட்டர் கேஜ் பாதையில் நீராவி ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. பனிக்காலத்தில் அங்கே படமெடுக்க ஆட்கள் தேடிப் போவதற்கு இதுதான் காரணம். சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் கீழ்நிலையில் இருக்கும் நொடியில் எடுத்தால் என்ஜின் பாந்தமாகத் தெரியும் என்பது நீராவி ரசிகர்களின் பழைய மரபு. தண்டு மேலே ஏறியிருக்கும் படத்தையும் அவர்கள் ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் ஒரு பெருமூச்சோடு.

இரவைப் பற்றிப் பேசினால் ஓ. வின்ஸ்டன் லிங்க் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1955 முதல் 1960 வரை, அமெரிக்காவின் நார்ஃபோக் அண்டு வெஸ்டர்ன் ரயில்வேயின் கடைசி நீராவி ஆண்டுகளை அவர் இரவில் படமாக்கினார். சூரியனையும் நகர்த்த முடியாது, தண்டவாளத்தையும் நகர்த்த முடியாது. அதனால் வெளிச்சத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதே வழி என்று முடிவெடுத்து, ஏராளமான ஃபிளாஷ் பல்புகளைக் கம்பிகளால் இணைத்து, ரயில் வரும் நொடியில் ஒருசேர எரியவைத்தார். அது ரயில்வேயின் ஒத்துழைப்போடு நடந்த வேலை. நாம் செய்யக் கூடியதல்ல. நமக்கு நிலையத்தில் நிற்கும் ரயில் போதும். முக்காலியில் கேமராவை வைத்து, 10 முதல் 20 நொடிகள் வரை திறந்துவைத்து, முகப்பு விளக்கு நேரே கண்ணில் விழாத பக்கவாட்டுக் கோணத்தில் எடுத்தால் நடைமேடை விளக்குகளே வேண்டியதைச் செய்துகொள்ளும். கூட்டமான நடைமேடையில் முக்காலி வைக்கச் சில நிலையங்களில் அனுமதி இருக்காது என்பதால் முன்பே கேட்டுவிடுங்கள்.

படமெடுத்துத் திரும்பியதும் செய்ய வேண்டிய ஒரு வேலை மிச்சமிருக்கிறது: தேதி, நேரம், இடம், எந்தப் பக்கம் நோக்கி ஓடியது, என்ஜின் எண், ரயிலின் பெயர் அல்லது எண் ஆகியவற்றை அன்றிரவே கோப்போடு சேர்த்து எழுதிவிட வேண்டும். என்ஜின்கள் புது வண்ணம் பூசப்படும், பாதை மின்மயமாகும், கைகாட்டி மரங்கள் அகற்றப்படும். நாம் சாதாரணம் என்று நினைத்து எடுத்த படத்தில் அதற்குப் பிறகு இல்லாத ஏதாவது ஒன்று இருந்தே தீரும். எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பு இல்லாத படத்தை அப்போது யாராலும் பயன்படுத்த முடியாது. கோப்புகளின் நகல் ஒன்று இன்னொரு வட்டிலும், முடிந்தால் இன்னொரு வீட்டிலும் இருக்கட்டும்.